கேதம் கேட்காத ஒரு வீடு

பி.ஆர்.ஓ. என்றாலே எனக்கு ஆகாது. மதுரையில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் உதவி ஆசிரியராக உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்தவன் நான். தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்வீட் பாக்ஸும் சிரிப்புமாக வந்து நிற்பார்கள். திறப்பு விழாப் படத்தை மூன்றாம் பக்கத்தில் போடச் சொல்வார்கள். படத்தில் முதலாளி கண்ணை மூடியிருந்தால் மறுநாள் காலையிலேயே போன் வரும். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் நானே வேலைக்குச் சேர்வேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பேன்.

அந்த ஒருவர் ஜெயக்கொடி. வைகைக்கு வடக்கே இருக்கும் பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஆஸ்பத்திரியின் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

2015 மார்கழியில் என் அம்மா அங்கே பதினோரு நாள் கிடந்து இறந்துபோனார். இறந்த ஐந்தாம் நாள் மத்தியானம் எங்கள் வீட்டு முன்னால் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, யாரையும் பார்த்துச் சிரிக்காமல் உள்ளே வந்தார். என் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். யார், எவர் என்று கேட்காமலேயே என் மனைவி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு என்னண்ணே செஞ்சுச்சு?" என்று கேட்டார்.

அதுவரை வந்தவர்களுக்கெல்லாம் "வயசாயிருச்சு, நெஞ்சுச் சளி" என்று தலைப்புச் செய்தியோடு முடித்துக்கொண்டிருந்தவன், அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். அம்மா கடைசியாக ரசம் சோறு கேட்டது, டாக்டர் வேண்டாம் என்றதால் நான் கொடுக்காமல் விட்டது, எல்லாம் வெளியே வந்தது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பேச்சு தீர்ந்ததும் எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். இரண்டு தடவை பிரஸ் மீட்டில் பார்த்த முகம் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் கேதம் கேட்பது என்போம். கேத வீட்டில், வருகிறவரை "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். போகிறவரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல மாட்டார். அப்படி ஒரு காரியத்துக்கு மறுபடி வருவதற்கு யார் ஆசைப்படுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் போகக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒரு வீட்டில் கேதம் கேட்காதவர் அந்த வீட்டு நல்லது எதற்கும் போக முடியாது. கூப்பிட மாட்டார்கள், கூப்பிடாமல் போனால் மரியாதை இருக்காது. சொந்தங்கள் சொத்துத் தகராறில்தான் அறுந்துபோகின்றன என்று நினைக்கிறீர்கள். எங்கள் பக்கம் பாதிச் சொந்தம் கேதம் கேட்காமல் அறுந்தது.

சென்னையிலிருந்து வந்த எங்கள் தலைமை மருத்துவர் ஒருமுறை ஆர்வக்கோளாறில் ஜெயக்கொடியோடு ஒரு கேதத்துக்குப் போனார். கிளம்பும்போது கைகூப்பி, "வரேன்மா, எதுவா இருந்தாலும் நம்ம ஆஸ்பத்திரிக்கே வாங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் பெரியவரின் முகம் போன போக்கைப் பார்த்து, ஜெயக்கொடி டாக்டரைக் கையோடு இழுத்துக் காருக்குள் போட்டார். அதோடு டாக்டர்களுக்குக் கேதம் தடை.

மற்ற ஆஸ்பத்திரி பி.ஆர்.ஓ.க்கள் குணமாகிப் போனவர்களின் வீட்டுக்குப் போவார்கள். ஜெயக்கொடி, தன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களின் வீட்டுக்குப் போனார். இதுதான் அவர் வேலை பார்த்த விதம். கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இருபது வருடம் அவர் அதைத்தான் செய்தார்.

அது எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பால் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

உசிலம்பட்டிக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் ஜெயக்கொடி. அப்பா பேயாண்டிக்குச் சோளமும் நாலு மாடும்தான் பிழைப்பு. அம்மா மாயக்காள், இவருக்கு நாலு வயதிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். எட்டு வயது மூத்த அக்கா அன்னக்கொடி, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தங்கச்சிக்குத் தலை சீவிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அன்னக்கொடி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "எந் தங்கச்சி படிக்கும். கூடவே இருக்கும்." மூன்று மாப்பிள்ளைகள் எழுந்து போனார்கள். நாலாவதாக வந்த தங்கப்பாண்டி, காபி டம்ளரைக் கீழே வைக்காமல், "எத்தனாவது படிக்குது?" என்று கேட்டார். அவருக்கே கட்டி வைத்தார்கள்.

தங்கப்பாண்டி உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் பால் வண்டி ஓட்டியவர். ஜெயக்கொடி மதுரையில் கல்லூரிக்குப் போனது அந்த வண்டியின் முன் சீட்டில்தான். பாவாடை தாவணியில் பால் வாசம் அடிக்கிறது என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்களாம். செக்கானூரணி டீக்கடை தொடங்கி அரசரடி சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் வரைக்கும் தங்கப்பாண்டி வண்டியை மெதுவாக்கி, "எங் கொழுந்தியா, காலேஜ் படிக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரே ஆளிடம் வாரத்துக்கு மூன்று முறை சொன்னதும் உண்டு. "எனக்கு மொதப் பி.ஆர்.ஓ. மச்சான்தாண்ணே" என்று ஜெயக்கொடி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

2002இல் அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து, செல்லம்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே இறந்துபோனார். காலையில் நடந்து வந்தவர், சாயங்காலம் இல்லை. சொந்தக்காரர்கள் வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்தார்கள். நிர்வாகம் போலீசைக் கூப்பிட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் பின்வாசல் வழியாகப் போனார்கள். ஜெயக்கொடிக்கு மட்டும் ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. அந்த ஆளுக்கு டோக்கன் கொடுத்தது அவர்தான், பதினேழாம் நம்பர். "தாயி, குடிக்கத் தண்ணி இருக்கா" என்று கேட்டிருக்கிறார் அந்த மனிதர்.

தங்கப்பாண்டிதான் கேட்டார்: "என்னாத்தா, முகம் இப்படி இருக்கு?" இவர் சொன்னார். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "இன்னிக்குப் புதன்கெழமைதான. ஏறு" என்றார்.

அந்த வீட்டில் ஆம்பளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒருவர் விறகுக்கட்டையைத் தேடினாராம். இவர் நேராகப் போய் இறந்தவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டி, "நாந்தாம்மா டோக்கன் குடுத்தது. தண்ணி கேட்டாக, குடுத்தேன்" என்றாராம்.  அந்த அம்மா கேட்டார்: "தண்ணி குடிச்சாரா?"

"முழுச் செம்பும் குடிச்சாகம்மா."

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை. இது நிர்வாகத்தின் காதுக்குப் போனது. இரண்டு வருடத்தில் டோக்கன் கவுண்டர் பெண்ணை மக்கள் தொடர்பு அதிகாரி ஆக்கினார்கள். நிர்வாகத்துக்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். அன்பினால் ஆக்கவில்லை.

ஆனால் ஜெயக்கொடிக்கு அந்தக் கணக்கு இல்லை. இல்லவே இல்லை என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன்: "மேடம், இது தொழிலா, பாசமா?" போனில் எதையோ தேடியபடியே சொன்னார்: "ரெண்டையும் பிரிக்கத் தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ பெரிய ஆளா ஆயிருப்பேண்ணே."

அவருடைய போனை நீங்கள் பார்க்க வேண்டும். ஆறாயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோர் பெயரோடும் அவர்கள் வீட்டுச் சாவு ஒன்று இருக்கும். "இன்ஸ்பெக்டர், அப்பா, சித்திரை 2014." "தாலுகா ஆபீஸ், மாமியார், ஐப்பசி 2009." "ஆம்புலன்ஸ் விருமாண்டி, தம்பி, மாசி 2017." கேதம் கேட்டு முடித்த பிறகுதான் ஒரு பெயருக்குப் பக்கத்தில் அந்த விவரம் ஏறும். அந்தத் தேதி வரும்போது ஒரு போன் போடுவார். "இன்னிக்கு அப்பா நாள்ல, சாப்பிட்டீகளா?" அவ்வளவுதான். எந்தப் பெரிய அதிகாரிக்கும் அந்தத் தேதியில் அப்படிக் கேட்க ஊரில் வேறு ஆள் கிடையாது. அதனால் நள்ளிரவில் ரத்தம் வேண்டுமா, சாலை மறியலில் மாட்டிய ஆம்புலன்சை விட வேண்டுமா, ஜெயக்கொடி ஒரு போன் போட்டால் முடிந்தது.

கோரிப்பாளையத்தில் முகைதீன் பிச்சை என்று ஒரு பூட்டுக் கடைக்காரர் மௌத்தானார். அவர் மனைவி மைதீன் பீவி, கணவர் இறந்தபின் தனித்திருக்கும் இத்தாவில் இருந்ததால் வெளி ஆம்பளைகள் பார்க்கக் கூடாது. நான் சந்து முனையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். ஜெயக்கொடி கண் சிவந்து வெளியே வந்தார். இன்றைக்கும் அந்த வீட்டிலிருந்து பெருநாளைக்கு எங்கள் துறைக்குப் பிரியாணி வந்துவிடும். வெயிலில் நின்றவனுக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் பத்திரிகை மதுரைப் பதிப்பை நிறுத்தியதும் ஜெயக்கொடிதான் கூப்பிட்டார். "வீட்டுல சும்மா உக்காந்து அண்ணியத் திட்டிக்கிட்டு இருக்கப் போறீகளா, இங்க வாரீகளா?" 2016இல் சேர்ந்தேன். அறிக்கை எழுதுவது, அழைப்பிதழ் திருத்துவது, தினமும் காலையில் இரங்கல் பட்டியல் போடுவது என் வேலை. ஊரில் யார் யார் இறந்திருக்கிறார்கள் என்று பேப்பரையும் போனையும் பார்த்து எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்குவேன். தூரத்து ஆட்கள் என்றால் மலர்வளையம் மட்டும் போகும். குறுக்கே கட்டிய ரிப்பனில் "ஆழ்ந்த இரங்கலுடன், மக்கள் தொடர்புத் துறை" என்று இருக்கும். நெருங்கியவர்கள் என்றால் அவரே போவார்.

2019 ஆனி மாதம் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டிடத் திறப்பு விழா. மந்திரி வருகிறார். மூன்று மாதமாக ஜெயக்கொடி அதற்காக ஓடிக்கொண்டிருந்தார். அன்று காலை ஏழு மணிக்கே அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மேடை வேலைக்குப் போய்விட்டார். எட்டரை மணிக்குள் இறப்புச் செய்தி சொல்லி மூன்று அழைப்புகள். நாலாவதாக, பெயர் ஏறாத ஒரு நம்பரிலிருந்து ஒரு பெண் பிள்ளை அழுதுகொண்டே பேசியது. "அப்பா எறந்துட்டாக... தங்கப்பாண்டி... உசிலம்பட்டி... அவுககிட்டச் சொல்லிருங்க."

"சரிம்மா, சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டேன்.

அந்த மனிதரைப் பற்றி நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அவர் "மேடத்தோட மச்சான்". உசிலம்பட்டியில் தெருவுக்கு ஒரு தங்கப்பாண்டி இருப்பார். யார், எப்போது, எங்கே, எப்படி என்று வாழ்நாள் முழுக்க நிருபர்களை வறுத்தெடுத்தவன், அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பட்டியலில் ஒன்பது பேர். தங்கப்பாண்டி ஏழாவது. மேடைக்குப் பின்னால் போய் நீட்டினேன். அவர் ஒவ்வொரு பெயராகப் பார்த்து, கடைசியில் கையெழுத்துப் போட்டார். வளையம் கொண்டுபோன பையன் அந்த நம்பரிலேயே வழி கேட்டு, பதினோரு மணிக்கு உசிலம்பட்டி போய்ச் சேர்ந்துவிட்டான்.

நாலு மணிக்கு விழா முடிந்து போனை வாங்கி, மச்சான் போய்விட்டார் என்று ஊரிலிருந்து வந்திருந்த மெசேஜைப் பார்த்தவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அந்தப் பட்டியலைக் கேட்டார். ஏழாவது பெயரில் விரலை வைத்துக்கொண்டு, "படிச்சேண்ணே. படிச்சுட்டுத்தான் போட்டேன். அவுகளுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். அவருக்கு அது மச்சான். பதினைந்து வருடமாக இரங்கல் பட்டியலில் பெயர்களைப் பார்த்துப் பார்த்து, பெயர் என்றால் வேறு யாரோ என்று ஆகிவிட்டது. இதில் யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் மேல் பட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று மணி வரைக்கும் தங்கச்சி வரட்டும் என்று அன்னக்கொடி தூக்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். "வளையந்தான் வந்துருச்சுல்ல, இன்னும் என்ன" என்று ஊரார் சொல்லி எடுத்துவிட்டார்கள். ஜெயக்கொடி ஓடிப்போய் அக்கா முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அன்னக்கொடி அந்தக் கைகளைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வசவு இல்லை, ஒரு சத்தம் இல்லை. கை பிடிக்கவில்லை என்றால் கேதம் கேட்டதாக ஆகாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். நான் போய் என் தப்பு என்று சொல்கிறேன் என்றேன். "கையெழுத்து என்னுது. நீங்க போயி என்னத்தச் சொல்லுவீக" என்று தடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஆறு வருடம். ஜெயக்கொடி அதன் பிறகும் ஊரெல்லாம் கேதத்துக்குப் போனார். கொரோனா காலத்தில் ஒரு வீட்டுக்கும் போக முடியாமல் வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். வளையம் அனுப்புவதை மட்டும் அன்றோடு நிறுத்திவிட்டார். ஒருநாள் அவர் போனில் ஏதோ நம்பர் தேடும்போது பார்த்தேன். ஆறாயிரம் பேருக்கும் பக்கத்தில் விவரம் இருக்கிறது. "அக்கா" என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

இந்த வருடம் ஆடி கடைசியில் அக்கா மகள் சுபலட்சுமி ஆஸ்பத்திரிக்கு வந்தது. அன்று போனில் அழுத அதே பிள்ளை. இருபத்திமூன்று வயது, பேங்க் வேலை, ஆவணி கடைசியில் கல்யாணம். அழைப்பிதழை என் மேஜையில் வைத்தது. திருத்துகிறவன் புத்தி, எடுத்ததும் வாசித்தேன். எங்கள் பக்கத்து அழைப்பிதழ்களில் மாமன் மச்சான் பெயரெல்லாம் பதவியோடு இருக்கும்; பதவி இல்லாதவருக்கு ஒரு பதவியைத் தேடிப் பிடித்தாவது போட்டுவிடுவார்கள். அதில் ஒரு வரி: "சித்தி ஜெயக்கொடி." மக்கள் தொடர்பு அதிகாரி இல்லை. ஆஸ்பத்திரி பெயர் இல்லை. சித்தி மட்டும்.

"அம்மாதான் போடச் சொல்லிச்சு" என்று எதிரே இருந்த ஜெயக்கொடியிடம் சொன்னது சுபலட்சுமி. "ஆனா சித்தி, கூப்புட மாட்டேங்குது. கேதம் கேக்காதவள எப்புடிக் கூப்புடுறதுங்குது. நான் என்ன செய்யட்டும்? பந்தக்கால் ஊண்டுறதுக்குள்ள நீங்க வந்துருங்க. அதுக்கப்புறம் கல்யாண வீடாயிரும், கேதம் கேக்க முடியாது."

ஜெயக்கொடி அந்த அழைப்பிதழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தயங்காமல் நுழைந்தவர். விறகுக்கட்டையைப் பார்த்தவர். "அண்ணே, இந்தத் தடவையும் எந்திரிச்சு உள்ள போயிட்டா?" என்று கேட்டார். அக்கா எழுந்து போனால் அதோடு முடிந்தது, இந்தப் பிறவியில் அக்கா இல்லை. இவர் அங்கே போகாவிட்டாலும் அதேதான். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 

ஒரு வாரம் இழுத்தார். திங்கள் மீட்டிங் என்றார். செவ்வாய் ஆகாது. புதன் யாரோ வருகிறார்கள். வெள்ளி ஆகாது. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், நாளைக்கு வியாழக்கெழம. நாளைக் கழிச்சுப் பந்தக்கால். நீங்க வரலேன்னா நான் மட்டும் போறேன். எனக்கும் அங்க ஒரு கடன் கெடக்கு" என்றேன். அவரிடம் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரிக் கார் வேண்டாம் என்றுவிட்டார். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். கண்டக்டர் பார்த்தவுடனே, "என்ன மேடம், காரு எங்க?" என்று ஜன்னலோரத்தில் இருந்தவரை எழுப்பி இடம் போட்டுக் கொடுத்தார். அந்த ஆளின் அம்மாவுக்கு இவர் கேதம் கேட்டிருக்கிறாராம், எனக்குத்தான் தெரியாது. செக்கானூரணி தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்தச் சாலையில் ஒவ்வொரு டீக்கடையும் அவருக்கு யாரை ஞாபகப்படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசம் போகவில்லை. முன்னறையில் அன்னக்கொடி தரையில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு வாங்கிய கொத்தமல்லியை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, வெறும் நெற்றி. நாங்கள் வாசலில் நின்றோம். நிமிர்ந்து பார்த்தார். "வா" என்று சொல்லவில்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

 இது கோபமா, கேத வீட்டு முறையா? எதுவாகவும் இருக்கலாம். ஜெயக்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.  முறத்தில் மல்லி அப்படியே இருந்தது. அன்னக்கொடி அந்தக் கைகளைப் பார்த்தார், போன தடவை பார்த்த மாதிரியே. பிறகு முறத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். முந்தானையில் தன் கையைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சியின் கையைப் பிடித்தார்.

அப்புறம் இரண்டு பேரும் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். நான் அவரைப் போகச் சொன்னேன்.

அழுது ஓய்ந்ததும் ஜெயக்கொடி கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற அதே கேள்வி. "மச்சானுக்கு என்னக்கா செஞ்சுச்சு?"

 "வந்தவுகளுக்கெல்லாம் மாரடைப்புன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்டேன்" என்று ஆரம்பித்தார் அன்னக்கொடி. "முழுசா யாருகிட்டயும் சொல்லல. சுபாகிட்டக்கூடச் சொல்லல. ஒங்கிட்டத்தான் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

"சொல்லுக்கா."

"வண்டிக்குக் கெளம்புற நேரம், விடியல. நெஞ்சக் கரிக்குதுன்னாரு. நான் ஜெயாவுக்குப் போனப் போடுவோம், காரு அனுப்புவான்னேன். 'வேணாம், இன்னிக்கு அவளுக்கு மந்திரி வாராரு. மூணு மாசமா ஓடிக்கிட்டு இருக்கா. விழா முடியட்டும், சாயந்தரம் நானே போயிக் காட்டிக்கிறேன்'னாரு. செத்த நேரம் உக்காந்திருந்தாரு. 'நாளைக்குப் பேப்பருல அவ படம் வரும், ரெண்டு பேப்பரா வாங்கணும்'னாரு. அதான் கடைசிப் பேச்சு."

 அத்தனை வீடுகளில் குறுக்கே பேசாமல் கேட்ட ஜெயக்கொடி, அன்றும் குறுக்கே பேசவில்லை.

"வளையம் வரவும், நீயே வந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார் அன்னக்கொடி. "ரிப்பன்ல ஓம் பேரு இருக்கான்னு சுபாவ வாசிக்கச் சொன்னேன். பேரு இல்ல, தொறைன்னு போட்டிருக்குன்னுச்சு. எம் புருசன் ஒன்னய எழுப்பக் கூடாதுன்னு செத்தாரு, நீ தொறைய அனுப்புறன்னு எனக்கு வெறுத்துப்போச்சு. இதச் சொன்னா நீ தாங்க மாட்டேன்னும் தெரியும். சொல்லாம என்னாலயும் தாங்க முடியல. ஆறு வருசம்டி."

அதற்கு மேல் என்னால் வாசலில் நிற்க முடியவில்லை. இரண்டு படி உள்ளே போய், "போனை எடுத்தது நாந்தாம்மா. மேடத்துக்கு விசயமே தெரியாது" என்றேன்.

அன்னக்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுபா சொல்லுச்சு. 'சரிம்மா'ன்னு ஒரு ஆளு வச்சுட்டாருன்னு. எந்தத் தங்கப்பாண்டின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே?"

"கேட்டிருக்கணும்மா."

அவர் தலையை ஆட்டினார்.  உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் என்னிடம் நீட்டினார். முழுச் செம்பையும் குடித்தேன்.

வெயில் சாய ஆரம்பித்ததும் ஜெயக்கொடி எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முறை தவறாத மனுஷி. ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன். கல்யாணத்துக்குக் கூப்பிடுவாரா என்று யார் கேட்பது? கேத வீட்டில் கேட்கிற கேள்வியா அது? கேதம் கேட்டாயிற்று, அதுவே பெரிது என்று மனதைத் தேற்றிக்கொண்டு பத்து வீடு தாண்டியிருப்போம்.

"ஏ ஜெயா."

திரும்பினோம். அன்னக்கொடி தெருவில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். கையில் முறம்.

"என்னடி சொல்லாமப் போற?"

ஜெயக்கொடிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பிறகு அவர் வாய் கோணிக்கொண்டது. ஆறு வருடமாகக் கேத வீடாகவே இருந்த அந்த வீட்டைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வாரேன்க்கா."

"முந்துன நாளே வா" என்றார் அன்னக்கொடி. என்னைப் பார்த்து, "நீங்களுந்தான்" என்றார்.

"வாரேம்மா" என்றேன் நானும்.